இலவச மருந்து எவரும் இட்ட பிச்சையன்று
(அல்சூரில் கட்சி உறுப்பினர்களிடையே ஆற்றப்பட்ட உரையின் சுருக்கம்)



அல்சூருக்கு அண்மையில், சிவாஜிநகரில் உள்ள பௌரிங் அரசு மருத்துவமனையின் ஏ.ஆர்.டி. மையத்தில், எச்.ஐ.வி. தொற்றுடையோருக்குக் கட்டணமின்றி மருந்து வழங்கப்படுகிறது. அரசு மனமிரங்கி இட்ட பிச்சையன்று அது. ஒரு சட்டமும் பல போராட்டங்களும் அதன் பின்னால் உள்ளன.

முன்பு மூன்று மருந்துகள் கொண்ட கூட்டுச் சிகிச்சைக்குப் பன்னாட்டு நிறுவனங்கள் விதித்த விலை, ஆண்டுக்கு 10,000 டாலருக்கும் மேல். 2001 பிப்ரவரியில் இந்தியாவின் சிப்லா நிறுவனம் அதனை 350 டாலருக்குத் தர முன்வந்தது. 1970ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம் மருந்துக்கன்றி, அதன் செய்முறைக்கு மட்டுமே காப்புரிமை வழங்கியதே இதற்குக் காரணம்.

2004 ஏப்ரல் 1 அன்று தாம்பரம் உள்ளிட்ட எட்டு அரசு மருத்துவமனைகளில் இலவசச் சிகிச்சை தொடங்கியது. மறு ஆண்டே உலக வர்த்தக அமைப்பின் நிர்ப்பந்தத்தால், மருந்துகளுக்கே காப்புரிமை வழங்கும் முறை மீண்டும் வந்தது. எனினும் இடதுசாரிகளின் அழுத்தத்தால் சில பாதுகாப்புகள் சட்டத்தில் இடம்பெற்றன. பழைய மருந்தைச் சற்றே மாற்றிப் புதுக் காப்புரிமை பெறுவதை 3(டி) பிரிவு தடுக்கிறது. நோவார்ட்டிஸ் நிறுவனத்தின் புற்றுநோய் மருந்து வழக்கில், 2013இல் உச்ச நீதிமன்றம் இதனை நிலைநாட்டியது. காப்புரிமை வழங்கப்படும் முன்பே ஆட்சேபிக்கும் உரிமையைத் தொற்றுடையோர் அமைப்புகளும் பயன்படுத்தின. இன்றோ 2024ஆம் ஆண்டின் விதித் திருத்தங்கள் அவ்வுரிமைக்குக் கட்டணத்தையும் தடைகளையும் கூட்டியுள்ளன.

மலிவான மருந்து இருந்தால் மட்டும் போதாது. அரசு அதனை வாங்கி இருப்பில் வைக்க வேண்டும். 2022இல் மருந்துத் தட்டுப்பாட்டை எதிர்த்துத் தொற்றுடையோர் டெல்லியில் பல வாரங்கள் போராட நேர்ந்தது. ஒரு மாத மருந்துக்கு வந்தவர் சில நாள் மருந்தோடு திரும்பினால், மீண்டும் வருவதற்கு ஒரு நாள் கூலியை இழக்கிறார். மருந்து இடையில் நின்றாலோ கிருமி மருந்துக்கு அடங்காமற் போகும் அபாயம் உண்டு. ஆயினும் 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டம், சிகிச்சையை ‘இயன்றவரை’ வழங்கினால் போதும் என்கிறது. அரசு தன் கடமையிலிருந்து நழுவ இந்த ஒரு சொல்லே வழிவிடுகிறது.

அச்சொல்லை நீக்கக் கோர வேண்டும். 2024ஆம் ஆண்டின் திருத்தங்களைத் திரும்பப் பெறச் செய்ய வேண்டும். கட்சிக் கிளைகள் தத்தம் பகுதி மையங்களில் மருந்து இருப்பைக் கண்காணிக்க வேண்டும். அப்பணியில் எந்த நோயாளியின் அடையாளமும் வெளிப்படலாகாது. போராடிப் பெற்ற உரிமை, போராடினால்தான் நிலைக்கும்.