சாக்கில் வளரும் நன்னாரி

(திருவாதவூர் விவசாயிகளிடையே ஆற்றிய உரை)



கோடை பிறந்தால் மதுரையில் நன்னாரி சர்பத்துக்குக் குறைவில்லை. ஜிகர்தண்டாவிலும் அதன் பாகுதான் சேர்கிறது. ஆனால் இந்த வேரில் பெரும்பகுதி காட்டில் தோண்டி வருவது. வேரோடு செடியும் போய்விடுவதால் கொடி அருகி வருகிறது. காப்புக் காட்டில் அனுமதியின்றித் தோண்டுவது குற்றமும் ஆகும். நன்னாரி என்ற பெயரில் மாகாளிக் கிழங்கும் விற்பனைக்கு வருகிறது. மணம் ஒத்திருக்கும், மாகாளி தடித்துச் சதைப்பற்றாக இருக்கும், நன்னாரியோ கம்பிபோல் மெலிந்திருக்கும். வாங்கும்போது பார்த்து வாங்குங்கள்.

வயல் இருக்கச் சாக்கு எதற்கு என்பீர்கள். கண்மாய் நீர் பாயும் நெல் வயலில் தண்ணீர் தேங்கினால் நன்னாரி வேர் அழுகிவிடும். இறுகிய மண்ணில் தோண்டினால் வேர் பாதியில் அறுந்துவிடும். சாக்கில் வளர்த்தால் அறுவடையன்று சாக்கைக் கிழித்து மண்ணைத் தண்ணீரில் கரைத்துவிடலாம். வேர் முழுதாகக் கைக்கு வரும்.

வேர் நேரே கீழே இறங்குவதால் உயரமான சாக்காக எடுங்கள். தவிட்டுச் சாக்கு நல்லது. சிமெண்டுச் சாக்கானால் நன்றாக அலசிவிடுங்கள். பிளாஸ்டிக் சாக்கு வெயிலில் இற்றுப்போகும். பயிரோ ஒன்றரை முதல் இரண்டரை ஆண்டு நிற்க வேண்டும். ஆகவே ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு சாக்குகளைப் போட்டு, முருங்கை அல்லது தென்னையின் அரை நிழலில் செங்கல் மீது வையுங்கள். அடியில் துளைகள் அவசியம். செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கிய தொழு உரம் ஒரு பங்கு கலந்து நிரப்புங்கள்.

ஆடி, ஆவணியில் இரண்டு அங்குல வேர்த் துண்டுகளைச் சிறு பைகளில் ஊன்றி, துளிர்த்து ஒன்றரை மாதம் ஆனதும் சாக்குக்கு மாற்றலாம். கொடி ஏறக் கயிறு கட்டுங்கள். மேல்மண் காய்ந்த பிறகே நீர் ஊற்றுங்கள். மார்கழிப் பனியில் மண் சீக்கிரம் காயாது. அப்போது நீரை இன்னும் குறைக்க வேண்டும்.

"விளைந்ததைத் திரும்ப வாங்கிக்கொள்கிறோம்" என்று சொல்லி நாற்று விற்க வருகிறவரை நம்பி நூறு சாக்கு வைக்காதீர்கள். ஐந்து சாக்கில் தொடங்குங்கள். வேர் முற்றுவதற்குள், வாங்கும் நாட்டு மருந்துக் கடையையும் சர்பத் தயாரிப்பவரையும் நீங்களே நேரில் பார்த்துப் பேசிவிடலாம்.

எடுத்த வேரை நிழலில் உலர்த்துங்கள். கடும் வெயிலில் காய வைத்தால் மணம் குறைந்துவிடும். கழுவியவுடன் சில வேர்த் துண்டுகளை மட்டும் உலர்த்தாமல் எடுத்து அடுத்த சாக்குக்கு ஊன்றிவிடுங்கள்.