பாடிக் காட்டிய குரு



ஒரு பிள்ளை மேடையேறி அசத்திவிட்டால், “பிறவி மேதை” என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுகிறோம். கர்நாடக இசைக் கலைஞர் மாண்டலின் ஸ்ரீனிவாஸ் அவர்களையும் அப்படித்தான் சொன்னோம். ஆந்திராவின் பாலகொல்லில் 1969-ல் பிறந்தவர். 1978-ல் குடிவாடாவில் தியாகராஜ ஆராதனையில் கச்சேரி செய்தபோது ஒன்பது வயது.

பிறவியிலேயே வந்த ஞானத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த வீட்டுக்குள் கொஞ்சம் எட்டிப் பாருங்கள். ஆறு வயதில் பையன் அப்பாவின் மாண்டலினை எடுத்து மீட்டுகிறான். “வை கீழே, உடைத்துவிடாதே” என்று சொல்லியிருக்கலாம். அப்பா சத்யநாராயணா புதிதாக ஒரு மாண்டலினே வாங்கிக் கொடுத்தார். பிறகு அப்பாவின் குருவான ருத்ரராஜு சுப்பராஜுவே மகனுக்கும் குருவானார். பாடகர் செம்பை வைத்தியநாத பாகவதரின் சீடர் அவர். சுப்பராஜுவுக்கு மாண்டலின் வாசிக்கத் தெரியாது! அதனால் பாடினார். கேட்டதைப் பையன் வாசித்தான்.

இதை நாம் லேசாகக் கடந்துவிடக் கூடாது. மாண்டலினில் தந்தியை மீட்டினால் நாதம் சட்டென்று அடங்கிவிடும். விரல்பலகையில் உள்ள மெட்டுகள் வேறு ஸ்வரங்களைத் துண்டு துண்டாக நிறுத்திவிடும். நம் ராகங்களுக்கோ ஸ்வரங்களை அசைத்து இழைக்கும் கமகம்தான் உயிர். காந்தார ஸ்வரம் அசையாமல் தோடி ராகம் ஏது? குருவின் குரலில் கேட்ட அந்த அசைவைக் கம்பியில் எந்த விரலால், எவ்வளவு இழுத்துக் கொண்டுவருவது என்று காட்டித்தர ஆளில்லை. பிள்ளைதான் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். இரட்டைத் தந்திகளை விட்டு, ஐந்து ஒற்றைத் தந்திகள் கொண்ட மின் மாண்டலினுக்கு ஸ்ரீனிவாஸ் வந்ததையும் அந்தத் தேடலின் தொடர்ச்சியாகவே நான் பார்க்கிறேன்.

குழந்தை மேதை எப்படி உருவாகிறது என்று என்னைக் கேட்டால், இந்த இருவரையும்தான் காட்டுவேன். சுத்தமான சங்கீதத்தைக் காதில் போட்டுக்கொண்டே இருந்த ஒரு பெரியவர். அதைத் தேடிப் பிடிக்காமல் ஓயாத ஒரு பிள்ளை.

இன்று பள்ளி விட்டதும் அபாகஸ், கீபோர்டு, செஸ் என்று பிள்ளைகளை வண்டியில் ஏற்றி இறக்குகிறோம். பிள்ளை தானாகத் தேடிப் பார்க்க எந்த வேளையை விட்டுவைத்திருக்கிறோம்? பெற்றோர்களே, யாரும் சொல்லாமலே உங்கள் பிள்ளை எதைத் திரும்பத் திரும்பக் கையில் எடுக்கிறது என்று கவனியுங்கள். அதை ஆழ்ந்து கற்ற ஒருவரிடம் பிள்ளையைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுங்கள். கோப்பைக்கும் சான்றிதழுக்கும் அவசரப்படாதீர்கள்.