பைக் நடுவழியில் நின்றால் யார் வருவார்?

(கண்டிப் பகுதி தோட்டக் கிளைகளின் மாதக் கூட்டத்தில் சங்கத்தின் சார்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சம்பளம், சேமலாப நிதி, காணி உறுதி எல்லாம் பேசி முடித்த பிறகு மோட்டார் சைக்கிளைப் பற்றிப் பேசப் போகிறோம் என்றதும் சிலர் சிரித்தீர்கள். சிரியுங்கள். ஆனால் இந்த இரண்டு மூன்று மாதமாக எங்கள் காரியாலயத்துக்கு வருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பது இதைத்தான். சம்பள நாளில் தோட்டத்துச் சந்தியில் மேசை போட்டு ஒரு கார்ட் விற்கிறார்கள். வருஷத்துக்கு இவ்வளவு கட்டினால், பைக் எங்கே நின்றாலும் போன் பண்ணலாம், ஆள் வருவார், பஞ்சர் போடுவார், பெற்றோல் கொண்டுவருவார், முடியாவிட்டால் லொறியில் ஏற்றிப் போவார் என்கிறார்கள். "எடுக்கலாமா, தலைவர்?" என்று கேட்கிறார்கள். சங்கத்தின் பதிலை இன்று சொல்கிறோம்.

முன்பு ஒரு தோட்டத்தில் பைக் வைத்திருந்தது யார்? கணக்கப்பிள்ளை, டிஸ்பென்சர், பாடசாலை வாத்தியார். இன்று லயத்துக்கு லயம் பைக் நிற்கிறது. பிள்ளைகள் மலைக்குப் போவதில்லை. கண்டி டவுனில் புடவைக் கடைக்கும், பல்லேகலை கைத்தொழில் பேட்டைக்கும், பேராதனையில் கட்டட வேலைக்கும் போகிறார்கள். கடைசி பஸ்ஸை விட்டால் வீட்டுக்கு வர வேறு வழியில்லை. ஆகவே பைக் ஆடம்பரம் அல்ல, அது வேலைக்குப் போகும் கால். அதுவும் பழைய கால். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், சொந்தப் பாவனை வாகனங்களுக்கு மறுபடி திறந்தது 2025 பெப்ரவரியில். அந்த ஐந்து வருஷத்தில் நம்மவர்கள் வாங்கியதெல்லாம் இரண்டாம் கை, மூன்றாம் கை. விலையோ ஏறிப்போனது. பழைய பைக் நடுவழியில் நிற்காமல் வேறென்ன செய்யும்?

தெல்தோட்டைப் பக்கத்து அங்கத்தவர் ஒருவரின் மகனுக்கு நடந்ததைச் சொல்கிறோம். அவர் அனுமதி தந்திருக்கிறார், பெயர் வேண்டாம். இரவு எட்டரை மணி, நல்ல மழை, கலஹாவைத் தாண்டி வந்துகொண்டிருக்கும்போது செயின் அறுந்துவிட்டது. அந்தத் தம்பியிடம் கார்ட் இருந்தது. போன் பண்ணினார். மரியாதையாகத்தான் பேசினார்கள். கண்டியிலிருந்து வாகனம் வரவேண்டும், காத்திருங்கள் என்றார்கள். ஒன்றரை மணி நேரம் கழித்து அவர்களே போன் எடுத்து, "உங்கள் வீடு எங்கே?" என்று கேட்டார்கள். மெயின் ரோட்டிலிருந்து நாலு கிலோமீற்றர் மேலே, தோட்டப் பாதை என்றார். அந்தப் பாதைக்கு வரமாட்டோம், பக்கத்து டவுன் கராஜில் இறக்கிவிடலாம் என்றார்கள். இரவு பத்து மணிக்கு எந்த கராஜ் திறந்திருக்கும்? கடைசியில், கண்டிக்கு மரக்கறி ஏற்றிப் போய்விட்டு வெறுமனே திரும்பிய ஒரு பட்டா லொறிக்காரர் நிறுத்தி, பைக்கை ஏற்றி, லயத்து வாசலிலேயே இறக்கிவிட்டுப் போனார். தேத்தண்ணிக் காசு கொடுத்ததற்கும் முதலில் வேண்டாமென்றாராம்.

அந்தக் கம்பனி ஏமாற்றியது என்று நாங்கள் சொல்ல வரவில்லை. கார்டோடு வந்த தாளை வாங்கிப் படித்தோம். "வாகனம் செல்லத்தக்க பொது வீதி" என்று சின்ன எழுத்தில், ஆங்கிலத்தில் போட்டிருக்கிறது. தோட்டப் பாதை பொது வீதியா? வரி கட்டும்போது நாம் பொதுமக்கள், பாதை போடும்போது மட்டும் அது தோட்டத்துக்குச் சொந்தம். பாதையைச் செப்பனிடும்படி தோட்ட நிர்வாகத்திடமும் பிரதேச சபையிடமும் நாங்கள் கேட்டுக்கொண்டே இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். பாதை நன்றாக இருந்தால் கார்ட் விற்கிறவனும் உள்ளே வருவான், அம்புலன்ஸும் உள்ளே வரும்.

இந்த வழித்துணை உதவி என்பது புதிய யோசனை இல்லை. இங்கிலாந்தில் 1905இல் கார் வைத்திருந்தவர்கள் சேர்ந்து ஒரு சங்கம் அமைத்தார்கள். எதற்குத் தெரியுமா? வேகமாகப் போகிறவர்களைப் பிடிக்க பொலிஸ்காரர் மறைந்து நிற்கும் இடத்தை ஒருவருக்கொருவர் எச்சரிப்பதற்கு! பிறகுதான் பழுதான காரைத் திருத்திக் கொடுக்கும் வேலைக்கு வந்தார்கள். அந்தச் சங்கத்தின் ஆட்கள் முதலில் சைக்கிளிலும், பிறகு மோட்டார் சைக்கிளிலும் ரோந்து போய் காருக்கு உதவினார்கள். இலங்கையிலும் 1904 முதல் மோட்டார் வாகனக்காரர்களுக்கு ஒரு சங்கம் இருக்கிறது. அந்தக் காலத்தில் அதெல்லாம் நம் துரைமார் போன்றவர்களின் விஷயம். ஆனால் அடிப்படை என்ன? பலர் கொஞ்சம் கொஞ்சம் போடுவது, கஷ்டப்படுகிறவருக்கு அதிலிருந்து கொடுப்பது. நமது மரண சகாய சங்கமும் அதுதானே? அதை நமக்கு யாரும் வந்து விற்கவில்லை.

சரி, கணக்குக்கு வருவோம். முதலில், உங்களிடம் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று பாருங்கள். 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டப்படி எல்லோரும் மூன்றாம் தரப்புக் காப்புறுதி எடுத்தே ஆகவேண்டும். அது இல்லாமல் வருமான அனுமதிப்பத்திரம் கிடைக்காது. அந்தத் தேர்ட் பார்ட்டி, நாம் இடித்த அடுத்தவருக்குத்தான். நம் பைக்குக்கு ஒரு சதமும் இல்லை, இழுத்துப் போகவும் யாரும் வரமாட்டார்கள். ஆனால் லீசிங்கில் பைக் எடுத்தவர்கள் கவனியுங்கள். லீசிங் கம்பனி உங்களை ஃபுல் இன்ஷுரன்ஸ் எடுக்க வைத்திருக்கும். அந்தப் பணம் உங்கள் தவணையோடு போகிறது. அந்த ஃபுல் இன்ஷுரன்ஸ் பலவற்றில் வீதி உதவியும் சேர்ந்தே இருக்கிறது. அதை வைத்துக்கொண்டே இன்னொரு கார்டுக்கும் காசு கட்டியவர்கள் இந்த மண்டபத்திலேயே இருக்கிறார்கள். கையைத் தூக்கச் சொல்லமாட்டோம்.

அதில் ஒரு கேள்வி மட்டும் கட்டாயம் கேளுங்கள். விபத்து நடந்தால் மட்டுமா வாகனம் வரும், சும்மா பழுதாகி நின்றாலும் வருமா? இரண்டும் வேறு வேறு. விபத்துக்கு மட்டும் என்றால் செயின் அறுந்ததற்கு வரமாட்டார்கள். எத்தனை கிலோமீற்றர் வரை இலவசம், வருஷத்துக்கு எத்தனை தடவை, உங்கள் தோட்டத்தின் பெயரைச் சொல்லி அங்கே வருவீர்களா என்றும் கேளுங்கள். வாயால் சொன்னால் போதாது, தமிழில் எழுதித் தரச் சொல்லுங்கள். தர மறுத்தால் அதுவே பதில். காப்புறுதிக் கம்பனியோடு தகராறு தீராவிட்டால் காப்புறுதி ஒம்புட்ஸ்மனுக்கு முறையிடலாம். கடிதம் எழுத நாங்கள் இருக்கிறோம்.

அடுத்தது, பைக் எதனால் நிற்கிறது? பஞ்சர், பிளக், கிளட்ச் கேபிள், செயின், பெற்றோல் தீர்வது. பெரும்பாலும் இவ்வளவுதான். ஒரு பிளக்கும், பிளக் ஸ்பேனரும், ஒரு கிளட்ச் கேபிளும், செயின் லொக் ஒன்றும் சீட்டுக்கு அடியில் இருந்தால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும். டியூப் இல்லாத டயர் என்றால் பஞ்சர் ஒட்டும் சாமானையும் கைப் பம்பையும் வைத்துக்கொள்ளலாம், பத்து நிமிஷ வேலை. கம்பிச் சில்லு, டியூப் டயர் என்றால் சில்லைக் கழற்ற வேண்டும், அதை மழையில் நடுரோட்டில் செய்வது சிரமம். ஸ்கூட்டர் ஓட்டும் தங்கச்சிமாருக்கு வேறு கதை. உள்ளே பெல்ட் அறுந்தால் ரோட்டில் வைத்து ஒன்றும் செய்ய முடியாது, ஏற்றித்தான் ஆகவேண்டும். இன்னொன்று. இறக்கத்தில் பெற்றோல் மிச்சம் என்று என்ஜினை நிறுத்தி நியூட்ரலில் விடுகிறீர்கள், நாங்கள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். பாரம் முழுதும் பிரேக்கில் விழும், சூடேறினால் பிடிக்காது. கியரிலேயே இறங்குங்கள். மிச்சமாகிற பெற்றோல் ஆஸ்பத்திரிச் செலவுக்குக் காணாது.

2024 செப்டெம்பரில் அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபாவானது. அதற்காக எவ்வளவு போராடினோம் என்பது உங்களுக்குத் தெரியும். ஒரு கார்ட் 4000 ரூபா என்று வைத்துக்கொண்டால், அந்தச் சம்பளக் கணக்கில் மூன்று நாள் கொழுந்து. மூன்று நாள் கூடை சுமந்த காசை, தோட்டத்துக்குள் வராத ஒரு வாகனத்துக்காக அம்மா கொடுக்க வேண்டுமா?

ஆகவே சங்கத்தின் அபிப்பிராயம்: தோட்டத்துக்கும் பக்கத்து டவுனுக்கும் போய் வருகிறவர்களுக்குத் தனிக் கார்ட் வேண்டாம். ஆனால் எல்லோருக்கும் வேண்டாமென்று சொல்லமாட்டோம். கண்டி டவுனில் இரவு பன்னிரண்டு மணிவரை சாப்பாட்டுப் பார்சல் கொண்டு ஓடும் தம்பிமார், மஹியங்கனைப் பக்கம் பதினெட்டு வளைவு இறங்கி ஏறிச் சாமான் விற்கப் போகிறவர்கள், தனியாக இரவு வேலை முடிந்து வரும் பெண் பிள்ளைகள், இவர்களின் இன்ஷுரன்ஸில் அந்த உதவி இல்லையென்றால் எடுக்கலாம். இவர்கள் ஓடுவது மெயின் ரோட்டில், அங்கே வாகனம் வரும். நடு இரவில் தெரியாத இடத்தில் ஒரு பெண் பிள்ளை தனியே நிற்பதற்கு விலை போட எங்களுக்குத் தெரியாது.

மற்றவர்களுக்கு ஒரு யோசனை. கலஹா, புசல்லாவை, மடுல்கலை, றங்கல என்று ஒவ்வொரு பக்கத்திலும் பட்டா லொறி வைத்திருக்கும் நம்மவர்கள் இருக்கிறார்கள், கராஜ் பாஸ்மாரும் இருக்கிறார்கள். கிளையில் பைக் வைத்திருப்பவர்கள் மாதம் ஒரு சிறு தொகை போட்டு, ஒரு லொறிக்காரரோடும் ஒரு பாஸோடும் முன்கூட்டியே விலை பேசி வைத்துக்கொண்டால் என்ன? தோட்டப் பாதை அவர்களுக்குப் பழக்கம். கணக்கை மரண சகாய சங்கத்தைப் போலவே கொப்பியில் எழுதி, மாதக் கூட்டத்தில் வாசிக்க வேண்டும். பொருளாளராக இருப்பவர் பைக் வைத்திருக்காதவராக இருப்பது நல்லது என்று ஒரு அக்கா சொன்னார். அதையும் குறித்துக்கொண்டோம்.

ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ளாதீர்கள். ஆள் விழுந்து அடிபட்டால் எந்தக் கார்ட் நம்பரையும் தேடவேண்டாம், 1990க்கு அடியுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கியது, இப்போது நமக்கும் வருகிறது. தோட்டத்தின் பெயர், டிவிஷன், மெயின் ரோட்டில் எந்தச் சந்தி என்று சொல்லி, ஒருவரைச் சந்தியில் டோர்ச்சோடு நிறுத்துங்கள்.

லீசிங்கில் பைக் எடுத்தவர்கள் வரும் ஞாயிற்றுக்கிழமை காலை இன்ஷுரன்ஸ் தாளை எடுத்துக்கொண்டு காரியாலயத்துக்கு வாருங்கள். அசலைக் கொண்டுவாருங்கள், போனில் எடுத்த படத்தில் அந்தச் சின்ன எழுத்து தெரிவதில்லை. ஒவ்வொன்றாக உட்கார்ந்து வாசித்துச் சொல்கிறோம். பத்து மணிக்குத் தொடங்குவோம்.