ஒத்த குறி, வேற்று நோய்

உடலின் காவற்படையே நரம்புறையை அரிக்கும் 'மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்' என்னும் நோயைப் பாரிசில் சார்க்கோ 1868இல் விளக்கினார். அது குளிர்நாடுகளிலேயே மிகுதி. காங்கேசன்துறையோ நிலநடுக்கோட்டிலிருந்து 10 பாகைக்குள் கிடப்பது. ஆதலின் இத்துறையூரில் ஒருவருக்குக் கண் மங்கி, கால் மரத்து, நடை தளருமாயின், அப்பெயரைச் சூட்டுமுன் பிற நோய்களையும் ஆராய்தல் வேண்டும். விற்றமின் பி12 குறைவைக் குருதிச் சோதனை காட்டிவிடும். பெரிதும் மயங்கவைப்பது 1894இல் டெவிக் விவரித்த நோய். ஸ்கிளிரோசிஸில் புண்கள் சிறியனவாய் மூளையிலும் முண்ணாணிலும் சிதறிக் கிடக்கும். டெவிக் நோயோ கண்நரம்பையும் முண்ணாணையுமே பெரிதும் தாக்கும். முண்ணாணில் மூன்று முள்ளென்புகளின் நீளத்துக்கும் மேலாகப் புண் படர்வதுண்டு. சிலருக்கு நாட்கணக்கில் விக்கலும் வாந்தியும் முந்தி வரும். அதை வயிற்றுக் கோளாறென்று எண்ணிக் கஷாயம் காய்ச்சாத வீடு எது?

2004இல் இந்நோய்க்குரிய பிறபொருளெதிரி குருதியில் கண்டறியப்பட்டது. எனினும் எல்லா நோயாளரிடமும் அது தென்படுவதில்லை. பெயர் பிழைத்தால் என்ன கேடு என்பாருளர். ஸ்கிளிரோசிஸுக்கு ஊசியாய் ஏற்றும் இன்டர்பெரோன், டெவிக் நோயை முடுக்கிவிடக் கூடும். ஒவ்வொரு தாக்கமும் பார்வையில் ஒரு பங்கைக் கொண்டுபோகலாம். யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலைக்குச் செல்வோர், மாதங்களுக்கு முன் வந்து நின்ற விக்கலையும் வைத்தியரிடம் சொல்லிவிடுக.