பள்ளிக்கூட நூலகத்தின் திறப்பு யாருடைய கையில்?

சென்ற மாதம் வருமான வரிப் படிவம் பற்றிப் பேசியபோது, "பிள்ளைகளின் படிப்பைப் பற்றியும் ஒருநாள் கதையுங்கோ அண்ணை" என்று இரண்டு தாய்மார் நிலையத்துக்குத் தொலைபேசி எடுத்துச் சொன்னார்கள். நான் ஆசிரியன் அல்லன், கணக்காளன். ஆனால் ஒரு கிம்நாசியத்தின் ஆதரவாளர் சங்கத்தில், டொச்சில் ஃபேர்டர்ஃபெரைன் என்பார்களே, அதில் சில வருடங்கள் கணக்குப் பார்த்திருக்கிறேன். அந்தக் கணக்குப் புத்தகத்தில் அடிக்கடி வந்துபோன ஒரு செலவைப் பற்றித்தான் இன்றைய பேச்சு. அது பள்ளிக்கூட நூலகம்.

யேர்மனியில் எல்லாவற்றுக்கும் சட்டம் இருக்கும் என்று நாங்கள் நினைக்கிறோம். குப்பையை எந்த வாளியில் போடுவது என்பதற்கே விதி இருக்கிறது. ஆனால் பள்ளிக்கூடத்தில் நூலகம் கட்டாயம் இருக்கவேண்டும் என்று நாடு முழுவதற்குமான ஒரு சட்டம் இல்லை. ஆசிரியரின் சம்பளம் மாநிலத்தின் பொறுப்பு, கட்டடமும் தளபாடமும் பெரும்பாலும் நகரசபையின் பொறுப்பு. இந்த இரண்டுக்கும் நடுவில் நூலகம் விழுந்துவிடுகிறது. சில நகரங்கள் இதை நன்றாகச் செய்கின்றன. பிராங்பேர்ட் நகர நூலகத்தில் இதற்கென்றே ஒரு தனிப் பிரிவு இருக்கிறது. நூறுக்கு மேற்பட்ட பள்ளிக்கூட நூலகங்களுக்கு அது துணைநிற்கிறது. மற்ற இடங்களில், பின்னேரம் ஒன்றரை மணித்தியாலம் கதவைத் திறந்து வைத்திருப்பது யார் என்று பார்த்தால், அநேகமாக யாரோ ஒரு பிள்ளையின் தாய். திறப்பு பெற்றோரின் கையில் இருக்கிறது. பெற்றோர் வராவிட்டால் கதவு பூட்டு.

இது எங்கள் வீடுகளுக்கு ஏன் முக்கியம் என்று கேட்பீர்கள். இக்லூ என்று ஒரு வாசிப்பு ஆய்வு இருக்கிறது. 4 ஆம் வகுப்புப் பிள்ளைகளைச் சோதிப்பது. 2016 இல், அடிப்படை வாசிப்புத் திறனை எட்டாதவர்கள் நூற்றுக்கு 19 பேர் அளவில் இருந்தார்கள். 2021 இல் அது 25 பேருக்கு மேலே போய்விட்டது. கொரோனாக் காலத்தில் பள்ளிகள் பூட்டியிருந்ததும் அதற்கு ஒரு காரணம். 5 ஆம் வகுப்புக்குப் போனபிறகு சரித்திரமும் உயிரியலும் வாசித்து விளங்கவேண்டிய பாடங்கள். கணக்கென்றால் நாங்கள் பக்கத்தில் இருந்து சொல்லிக் கொடுத்துவிடுவோம். இரண்டு பக்க டொச் கட்டுரை என்றால் இரவு வேலை முடித்து வந்த தகப்பன் என்ன செய்வார்? பிள்ளை சரளமாக டொச் கதைக்கிறதே என்று நாங்கள் திருப்திப்படுகிறோம். விளையாட்டு மைதானத்து டொச் வேறு, புத்தகத்து டொச் வேறு. இந்த இரண்டாவதைக் காசில்லாமல் பழகக்கூடிய இடம் அந்த ஒன்றரை மணித்தியாலம்தான்.

அங்கே என்ன நடக்கிறது என்றும் சொல்லவேண்டும். 6 ஆம் வகுப்பில் வாசிப்புப் போட்டி வரும், ஃபோர்லேசவெற்பெவேர்ப். யேர்மன் புத்தக வர்த்தகர் சங்கம் 1959 இலிருந்து நடத்துகிறது. வகுப்பில் தொடங்கி, பள்ளி, மாவட்டம், மாநிலம் என்று நாடளாவிய இறுதிச் சுற்று வரைக்கும் போகும். எங்கள் பிள்ளைகள் மேடைக்குப் பயந்தவர்கள் அல்லர். நான்கு வயதிலேயே பேச்சுப் போட்டியில் நிற்பாட்டிவிடுகிறோமே! ஆனால் இங்கே மனப்பாடம் உதவாது. தானே தெரிந்தெடுத்த புத்தகத்திலிருந்து மூன்று நிமிடம் வாசிக்கவேண்டும். மேல் சுற்றுக்களில் முன்பின் பாராத ஒரு பகுதியைக் கையில் தருவார்கள். எங்கே நிறுத்துவது, எங்கே குரலை இறக்குவது என்பது நிறைய வாசித்த பிள்ளைக்குத்தான் வரும். நூலகத்தில் புத்தகம் தெரிந்தெடுக்க உதவுபவர், சத்தமாக வாசித்துப் பழக ஒரு மூலை, கேட்க இரண்டு நண்பர்கள், இவைதான் அதற்கு ஆயத்தம்.

அந்தோலின் என்ற இணையக் கேள்விப் பயிற்சியும் பல பள்ளிகளில் உண்டு. புத்தகத்தை வாசித்துவிட்டுக் கேள்விக்கு விடை சொன்னால் புள்ளி கிடைக்கும். கோடை விடுமுறைக்கு, நோர்ட்றைன் வெஸ்ற்பாலன் மாநிலத்துப் பொது நூலகங்கள் பலவற்றில் சொமர்லேசக்ளுப் நடக்கிறது. ஊருக்குப் போகாத வருடத்தில் பிள்ளையை அங்கே பதியலாம்.

உயர்வகுப்பு வந்தால் கதையே வேறு. ஃபாஹ்ஆர்பைற் என்று 8 முதல் 12 பக்கத்தில் ஓர் ஆய்வுக் கட்டுரை கேட்பார்கள். எனக்குத் தெரிந்த ஒரு பெண்பிள்ளை ஹாம் ஸ்ரீ காமாட்சி அம்பாள் ஆலயத்தைப் பற்றி எழுத விரும்பினா. கையில் இருந்தது இணையத்தில் எடுத்த இரண்டு தாள் மட்டும். நூலகப் பொறுப்பாக இருந்த அம்மையார், பொது நூலகத்தின் ஃபேர்ன்லைய வழியாக, அதாவது வெளியூர் நூலகத்திலிருந்து சிறு கட்டணத்துக்கு இரவல் எடுக்கும் வழியாக, ஒரு புத்தகத்தை எடுக்கச் சொல்லிக் காட்டினார். மார்ற்றின் பௌமான், பிறிகிற்ற லுக்கேசி, அனெற்ற வில்க என்ற மூன்று ஆய்வாளர்கள் தொகுத்து 2003 இல் வந்த நூல், யேர்மனியிலும் சுற்றியுள்ள நாடுகளிலும் உள்ள தமிழரையும் அவர்களின் கோயில்களையும் பற்றியது. 2002 இல் கும்பாபிஷேகம் நடந்த, ஆண்டுதோறும் தாய் தேர் பார்க்கப் போகும் அந்தக் கோயில், அடிக்குறிப்புக்களோடு டொச்சில் அச்சாகி இருக்கிறது என்பது அந்தப் பிள்ளைக்குப் புதுமையாக இருந்தது. தமிழ் ஆதாரங்களுக்கு, 2005 இல் தொடங்கிய ஈழத்து மின்னூலகமான 'நூலகம்' இருக்கிறது. எங்கள் பழைய பத்திரிகைகளும் மலர்களும் அங்கே இலவசம்.

ஒரு விடயத்தைக் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். 1981 மே 31 இரவு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறக்குறைய 97,000 நூல்கள் போயின. எனக்கு அப்போது பத்து வயது. ஆண்டுதோறும் அந்த நாளை நினைவுகூருகிறோம், நினைவுகூரத்தான் வேண்டும். ஆனால் நூலகத்துக்காக அழுத சமூகம், பிள்ளையின் பள்ளிக்கூடத்து நூலகம் ஆளில்லாமல் பூட்டிக் கிடப்பதை அறியாமல் இருக்கிறது. அங்கே உதவிக்கு வரும் பெற்றோர் பட்டியலில் எங்கள் பெயர்கள் மிகக் குறைவு.

"எனக்கு டொச் காணாது" என்பதுதான் வழக்கமான பதில். எங்கள் சங்கத்திலும் ஒரு தாய் அப்படித்தான் சொன்னார். முதலில் புத்தகங்களுக்குப் பிளாஸ்ரிக் உறை போட வந்தார். பிறகு முத்திரை குத்தினார், திரும்பி வந்தவற்றை இடம்பார்த்து அடுக்கினார். இப்போது செவ்வாய்க்கிழமைகளில் இரவல் மேசையில் இருப்பவர் அவர்தான். பிள்ளைகளோடு கதைத்துக் கதைத்து அவருடைய டொச்சும் திருந்திவிட்டது.

நேரம் இல்லாதவர்கள் சங்கத்தில் உறுப்பினராகச் சேரலாம். சந்தா பெரும்பாலும் வருடத்துக்கு 12, 15, 20 யூரோ அளவில்தான் இருக்கும். பொதுநலச் சங்கமாகப் பதிவுபெற்றது என்றால் வரியில் கழிக்கலாம். 300 யூரோ வரைக்கும் வங்கிக் கணக்குத்தாளும் சங்கம் தரும் விபரத் தாளும் போதும். தொழில் புத்தி, சொல்லாமல் விடமுடியவில்லை.

கடைசியாகத் தமிழ்த் தட்டு. கேட்டால் பல நூலகங்கள் ஒரு தட்டு ஒதுக்கித் தரும். அதற்காக வீட்டில் தூசி பிடித்த கலியாண மலர்களைக் கொண்டுபோய்க் குவிக்கவேண்டாம். பிள்ளை வாசிக்கக்கூடிய பத்துப் புத்தகம் போதும், படமும் பெரிய எழுத்தும் உள்ளதாக. ஒன்று மட்டும் கவனிக்கவேண்டும். தமிழ் எழுத்தில் உள்ள தலைப்பை அவர்களுடைய கணினிப் பட்டியலில் பதிய அங்கே ஆள் இல்லை. தலைப்பை லத்தீன் எழுத்தில் எழுதி, கதை என்னவென்று இரண்டு வரி டொச்சில் சேர்த்துக் கொடுத்தால்தான் புத்தகம் தட்டுக்குப் போகும். இல்லாவிட்டால் பெட்டிக்குள்ளேயே கிடக்கும். அந்த இரண்டு வரியைப் பிள்ளையே எழுதலாம். தமிழில் வாசித்து டொச்சில் சொல்லவேண்டும் அல்லவா, சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி ஆசிரியர்கள் இதை ஒரு பயிற்சியாகவே கொடுத்துப் பார்க்கலாம்.

அடுத்த மாதம் ஓய்வூதியக் கணக்கோடு வருகிறேன்.