காற்றில் கரி கூடினால் நெல் கூட விளையுமா?



"காபனீரொட்சைட்டு பயிரின்ர சாப்பாடுதானே, அது கூடினால் நெல்லுக்கு நல்லதுதானே?" என்று கிளென் வேவர்லியில் இருந்து ஒரு ஐயா தொலைபேசியில் கேட்டிருந்தார். பரந்தனில் வயல் வைத்திருந்த குடும்பம். காணியை மீண்டும் விதைப்பதா, குத்தகைக்கு விடுவதா என்று வீட்டில் பேச்சு நடக்கிறதாம்.

ஐயா சொன்னதில் பாதி சரி. 1958இல் ஹவாயில் அளக்கத் தொடங்கியபோது காற்றின் பத்து இலட்சம் பங்கில் சுமார் 315 பங்கு காபனீரொட்சைட்டு இருந்தது. 2024இல் அது 420ஐத் தாண்டிவிட்டது. நெல் இலையில் அதைப் பிடித்து மாப்பொருளாக்கும் வேலையைத் தொடங்கி வைப்பது ரூபிஸ்கோ என்ற நொதியம். ஆனால் அதற்கு ஆள் பிரித்துப் பார்க்கத் தெரியாது. இடையிடையே ஒட்சிசனையும் பிடித்துச் சக்தியை வீணாக்கும். காபனீரொட்சைட்டு கூடினால் அந்த வீண் குறையும்.

இனி வெளிச்சத்துக்கு வருவோம். இதைக் கணக்காக எழுதிக் காட்டியவர்களில் இருவர் நமது கன்பராவில் வேலை செய்த கிரஹாம் ஃபார்குவாரும் சூசன்னா வொன் கேமரரும். அமெரிக்கரான ஜோசப் பெரியோடு சேர்ந்து 1980இல் வெளியிட்ட அந்தக் கணக்கைத்தான் இன்றும் உலகெங்கும் பாவிக்கிறார்கள். நல்ல வெயிலில் இலையின் வேகத்தை ரூபிஸ்கோதான் கட்டுப்படுத்தும். அப்போது காபனீரொட்சைட்டு கூடினால் ஒளித்தொகுப்பு நன்றாக ஏறும். மப்பான நாளிலும், அடர்ந்த பயிரின் அடி இலையிலும் வெளிச்சமே தட்டுப்பாடு. அங்கே ஏற்றம் சிறிதுதான். விறகில்லாத அடுப்பில் உலைக்கு இன்னும் அரிசி போடுவது போல.

குருநாகலுக்கு அருகே பத்தலகொட நெல் ஆராய்ச்சி நிலையத்தில், 2001இல் டி கொஸ்தா குழுவினர் மேற்புறம் திறந்த கூடுகளுக்குள் பிஜி 300 நெல்லை 570 பங்கு காபனீரொட்சைட்டில் வளர்த்துப் பார்த்தார்கள். விளைச்சல் பெரும்போகத்தில் 24 சதவீதமும் சிறுபோகத்தில் 39 சதவீதமும் கூடியது. கேட்கச் சந்தோசமான கணக்கு. ஆனால் ஜப்பானில் கூடு இல்லாமல் திறந்த வயலிலேயே வாயுவை விட்டுப் பார்த்தபோது, ஏற்றம் இனத்துக்கு இனம் மாறியது. நைதரசன் பசளை குறைந்த இடத்தில் அது சுருங்கியும் போனது.

வெக்கையை மறக்கக்கூடாது. நெல் பூக்கும் நேரத்தில் 35 பாகையைத் தாண்டினால் மகரந்தம் கெட்டுப் பதர் கூடும். காபனீரொட்சைட்டு கூடினால் இலைவாய்கள் சற்று மூடும். தண்ணீர் மிச்சம், ஆனால் ஆவியாதல் குறைவதால் பயிரின் சூடு கொஞ்சம் ஏறும். ஆகவே ஐயா, இரணைமடுத் தண்ணீர் கிடைக்கும் சிறுபோகத்தில் வெயில் உண்டு, இலாபத்துக்கும் வழி உண்டு. பூ கருகும் பயமும் அதே போகத்தில்தான். குத்தகை பேசும்போது எந்த இனம், எப்போது பூக்கும் என்பதையும் கேளுங்கள்.

இன்னொன்று, இது சமைக்கிறவர்களுக்கு. சீனாவிலும் ஜப்பானிலும் 18 நெல் இனங்களை இப்படி வளர்த்து ஆராய்ந்த முடிவு 2018இல் வெளிவந்தது. அரிசியில் புரதம் சராசரியாக 10 சதவீதம், இரும்பு 8, நாகம் 5 சதவீதம் குறைந்திருந்தன. சில இனங்களில் பி1 விற்றமினும் கர்ப்பிணிகளுக்கு வேண்டிய போலேற்றும் அதைவிடக் கூடுதலாகக் குறைந்தன. தீட்டிய வெள்ளைப் பச்சையரிசியைவிடப் புழுங்கலில் பி1 கூட நிற்கும். அம்மம்மாமார் அவித்துக் காயவைத்த புழுங்கல் இங்கே கடையில் பையோடு கிடைக்கிறது. பிள்ளைகள் பாஸ்மதிதான் வேண்டும் என்று நின்றாலும், பருப்பையும் கீரையையும் குறைக்காதீர்கள்.