அப்பா தூக்கிப் போகட்டும்

நம்ம சின்னாளபட்டி என்றால் சுங்குடிச் சேலை. 1947-ல் அங்கே டாக்டர் சௌந்தரம் அம்மையார் ஒரு சின்ன மருத்துவமனை தொடங்கினார். டி.வி.எஸ். குடும்பத்துப் பெண், பட்டணத்தில் சொகுசாக இருந்திருக்கலாம். கிராமத்துத் தாயையும் பிள்ளையையும் தேடி வந்தார். அதுதான் இன்றைய காந்திகிராமம் கஸ்தூரிபா மருத்துவமனை.

அன்று மருத்துவம் தாயையும் பிள்ளையையும் தேடி வந்தது; இன்றைக்குப் பிள்ளைக்கான தடுப்பூசி ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசம். ஆனால் அங்கே நிற்கிற வரிசையைப் பாருங்கள்: அம்மா, பாட்டி, அத்தை. அப்பா வெளியே பைக்கில் செல்போனோடு! ஊசி வலியில் அழுகிற பிள்ளைக்கு அப்பா தோளும் வேண்டாமா? 5 வயதிலும் ஒரு ஊசி உண்டு. பள்ளிக்கூடப் பரபரப்பில் மறந்துபோகும். அப்பாமார்களே, வேலைக்குக் கிளம்புமுன் பிள்ளையின் தடுப்பூசி அட்டையை ஒருதரம் எடுத்துப் பாருங்கள். அடுத்த ஊசிக்கு நீங்களே தூக்கிக்கொண்டு போங்கள்.